வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

அத்தியாயம் 6: பூட்ஸ் கிடைக்க நாற்பது நிமிடம்

போடிமெட்டுப் பாதையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் நாலு இட்லி விழுங்கிய வயிற்றோடு ஏறி வந்த மனிதனை, திங்கட்கிழமை காலை எட்டு இருபதுக்குத் தூறலில் நிறுத்தி, "ஒம்பது மணிக்கு வாங்க" என்று சொன்னால் அவனுக்கு என்ன வரும்? கிச்சாவுக்கு முதலில் கொட்டாவி வந்தது. கோபம் அதற்குப் பிறகு வந்தது.

"ரெண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ்தானே ஐயா கேட்டேன்?"

"ஆமாங்க," என்றார் சென்னிமலை. பனிமுடி ஏலக்காய் எஸ்டேட்டின் ஸ்டோர் கீப்பர். கொழிஞ்சாம்பாறைக்காரர். ஸ்டோர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக் கொண்டிருந்தார்.

"பூட்ஸ் உள்ள இருக்கா?"

"இருக்குதுங்க."

"சாவி?"

"கையில இருக்குதுங்க."

"அப்பறம் என்ன தடை?"

"ஒம்பது மணிக்குத் தொறந்தர்றனுங்க," என்று சொல்லிவிட்டு அவர் விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விட்டார்.

இப்படிப்பட்ட ஆளிடம் மல்லுக்கு நின்று புண்ணியமில்லை. கிச்சா நனைந்த செருப்போடு ஆபீஸ் பக்கம் நடந்தான். அங்கே அவனுடைய முதலாளி காத்திருந்தாள். முதலாளி என்றால் பெண்டாட்டிதான். பர்வதம் பதினெட்டு வருடம் தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் வேலை பார்த்து, அது போரடித்து, கல்பாத்தி வீட்டு முன்னறையில் விசாரணை நிலையம் ஆரம்பித்தவள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விருப்ப ஓய்வு வாங்கிய கிச்சா அவளுக்கு டிரைவர், உதவியாளர், சமையல்காரன் எல்லாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் நல்ல உதவியாளனாக இருப்பான் என்பது பர்வதத்தின் தீராத குறை.

கேஸ் சின்னதுதான். ஆனால் அதில் ஒரு பெண்ணின் பிழைப்பு தொங்கிக் கொண்டிருந்தது.

பனிமுடி எஸ்டேட் ஐ.எஸ்.ஓ. 14001 சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பித்திருந்தது. 'எங்கள் தொழிலால் மண்ணும் தண்ணீரும் கெடாமல் பார்த்துக்கொள்கிறோம்' என்று வெளியாள் வந்து சோதித்துக் கொடுக்கிற சான்றிதழ். அது இருந்தால்தான் ஜெர்மனிக்காரன் ஏலக்காய் வாங்குவேன் என்கிறான். சான்றிதழ் கொடுப்பவர்கள் கேட்பது ரொம்ப எளிமை: செய்வதை எழுதி வை, எழுதியதைச் செய், இரண்டையும் காட்டு. மூன்று வருடமாக இதைக் கட்டி எழுப்பியவள் ஞானஜோதி. வயது இருபத்தொன்பது. ஏலக்காய் பறித்த யாக்கோபுவின் மகள். இன்றைக்கு எஸ்டேட்டின் சுற்றுச்சூழல் அலுவலர்.

ஏலக்காய் பச்சை நிறம் மாறாமல் இருக்க, உலர்த்துமுன் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊற வைப்பார்கள். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, காரத்தைத் தணித்து, பிறகுதான் ஓடையில் விட வேண்டும். ஓடைத் தண்ணீரில் தினம் மூன்று தடவை காரம் காட்டும் மீட்டரைத் தோய்த்து, வந்த எண்ணைப் பச்சை அட்டை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். ஏழு என்றால் நல்ல தண்ணீர். ஒன்பதைத் தாண்டினால் ஆபத்து, ஏனென்றால் கீழே தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் குளிப்பது அந்த ஓடையில்தான்.

போன மாதம் யாக்கோபு வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. ஞானஜோதி அப்பாவுக்குத் துணையாகப் பன்னிரண்டு நாள் தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளும் ரிஜிஸ்டரில் எண்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'ஞா.ஜோ' என்று அவள் கையெழுத்தும் இருந்தது. இதைக் காட்டிச் சான்றிதழ் கம்பெனிக்கு மொட்டைக் கடிதம் ஒன்று போனது. கம்பெனி பர்வதத்தைக் கூப்பிட்டது. மாலை நாலு மணிக்கு முடிவுக் கூட்டம். அதற்குள் உண்மை தெரியாவிட்டால் ஞானஜோதி ஆவணம் புனைந்தவள் என்று பதிவாகிவிடும். இந்தத் தொழிலில் அப்புறம் எங்கேயும் வேலை கிடைக்காது.

"டிஸ்மிஸ் ஆர்டர் டைப் செஞ்சு வச்சாச்சு," என்றார் மேனேஜர் ஜின்சன், ரொம்ப வருத்தமாக. "நல்ல பொண்ணு. என்ன செய்ய, தப்பு தப்புதானே? மொட்டைக் கடிதம் போட்டது யாருன்னு கேட்டா, ஸ்டோர் கீப்பரைச் சொல்வேன். ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல, ரெண்டு வருஷமா."

"ஏன்?" என்றாள் பர்வதம்.

"அவர் பூச்சிமருந்து டப்பாவையும் டீத்தூளையும் ஒரே அலமாரில வச்சிருந்தார். இவ சிவப்பு மையில குறை எழுதிட்டா. அன்னைக்கு மூஞ்சியத் திருப்பினவர்தான்."

ஜின்சன் போனதும் கிச்சா கையைத் தட்டினான். "கேஸ் முடிஞ்சுது. அந்த ஆள் மூஞ்சியைப் பாத்தப்பவே நெனச்சேன். பூட்ஸ் தராதவன் எதையும் செய்வான்."

"ஏன்னா, செத்த சும்மா இருங்கோ," என்றாள் பர்வதம்.

ஞானஜோதி வந்து எதிரே உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் அழவில்லை.

"நீ எழுதினயா?"

"இல்ல மேடம்."

"யார் எழுதினான்னு தெரியாதா?"

"தெரியாதுன்னு நான் சொல்லலையே."

"அப்போ தெரியும்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "என் வேலைதான போகும். போகட்டும் மேடம். ரெண்டு பேரு வேலை எதுக்குப் போகணும்?"

பர்வதம் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ரிஜிஸ்டரை மட்டும் கேட்டு வாங்கிக் கொண்டு அவளை அனுப்பிவிட்டாள்.

"கையெழுத்து நிபுணர்கிட்ட அனுப்பலாமே," என்றான் கிச்சா.

"பதில் வர நாலு மாசம். நமக்கு இருக்கறது சாயங்காலம் நாலு மணி வரைக்குமாக்கும். மொதல்ல இந்த மொட்டைக் கடிதத்தை வாசிங்கோ. கடைசி வரி."

கிச்சா வாசித்தான். "'ஆகவே மேற்படி பன்னிரண்டு நாட்களின் பக்கங்களைப் பொய் என்று ரத்து செய்யுமாறு கேட்டுக் கொள்கிறேன். பெயர் சொல்ல விரும்பாத தொழிலாளி.' நன்னாத்தான் எழுதியிருக்கான்."

"ரெண்டு வருஷப் பகை இருக்கறவன் என்ன கேப்பான்?"

"இவளைத் தொரத்துங்கோன்னு கேப்பான்."

"இவன் அதைக் கேக்கவே இல்லை. பக்கத்தைக் கிழிச்சாப் போறும்ங்கறான். அவனுக்குப் பகை மனுஷா மேல இல்லை. காகிதத்து மேல."

கிச்சாவுக்கு அது உறைத்தது. ஆனாலும் ஸ்டோர்க்காரரைச் சும்மா விட அவனுக்கு மனசு வரவில்லை. ஈரச் செருப்பு இன்னும் காயவில்லையே.

பர்வதம் பன்னிரண்டு பக்கங்களையும் விரலால் தடவிக்கொண்டே போனாள். ஏழு, ஏழரை, ஏழே கால். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக் கட்டம்: 9.6.

"பாத்தேளா? ஆஸ்பத்திரில உக்காந்துண்டு பொய்யா எழுதறவா கம்பெனிக்குக் கெட்ட பேர் வரா மாதிரி எழுதுவாளோ? ஏழுன்னு எழுதிட்டுப் போவா. இதை எழுதினவன் தண்ணில மீட்டரைத் தோச்சிருக்கான். பாத்ததை எழுதியிருக்கான்."

"அப்போ கையெழுத்து பொய், தண்ணி நெஜம்."

"கொஞ்சம் மூளையும் கொண்டு வந்திருக்கேள், சந்தோஷம். இப்போ கடைசிக் கட்டம்."

ரிஜிஸ்டரில் நேரம் மேலேயே அச்சிட்டிருந்தது: எட்டு, பதினொன்று, மூன்றரை. ஆனால் ஞானஜோதி வலது ஓரத்தில் பொடியாக இன்னொரு கட்டம் போட்டிருந்தாள்: 'தோய்த்த நேரம்'. ஐந்து நிமிடம் தாமதமானாலும் அதில் எழுதிவிடுவாள். மேனேஜர்கள் கண் அவ்வளவு ஓரத்துக்குப் போகாது. பர்வதத்தின் கண் எப்போதும் அங்கேதான் போகும்.

"அவளோட பக்கங்கள்ல ஞாயித்துக்கெழமை மட்டும் காலம்பற ஆறே முக்காலுக்குத் தோச்சிருக்கா. ஏன்?"

"எட்டு மணிக்கு சர்ச்."

"இந்தப் பன்னெண்டு நாள்ல வர ஞாயிறு டாண்ணு எட்டு. சர்ச்சுக்குப் போகாத ஆள். சரி, இங்க பாருங்கோ. திங்கக்கெழமை எட்டு மணிக் கட்டத்துக்கு ஒம்பது அஞ்சு. அடுத்த திங்களும் ஒம்பது அஞ்சு."

கிச்சா எட்டிப் பார்த்துக் கொட்டாவி விட்டான். "பாவம், அவனும் திங்கக்கெழமை பூட்ஸுக்கு ஒம்பது மணி வரை நின்னிருப்பான்."

பர்வதம் அவனையே பார்த்தாள். இருபத்து நாலு வருடப் பழக்கத்தில் அவள் இப்படிப் பார்த்தது மூன்று தடவைதான். ஒரு தடவை பெண் பார்க்கப் போனபோது.

"ஏன்னா, இன்னிக்கு என்ன கெழமை?"

"திங்க."

"செவ்வாய் மூணரைக் கட்டத்துக்கு நேரம் என்ன எழுதியிருக்கு?"

"நாலு முப்பத்தஞ்சு."

"வெள்ளி பதினொண்ணு?"

"பன்னெண்டு அஞ்சு." சொல்லும்போதே கிச்சாவின் கண் சுவரில் தொங்கிய தினசரி காலண்டருக்குப் போனது. தாளின் அடியில், பொடி எழுத்தில், இராகு காலம் 7.30 முதல் 9 வரை. திங்கள் ஒன்பதுக்கு முடியும். செவ்வாய் நாலரைக்கு முடியும். வெள்ளி பன்னிரண்டுக்கு. ஒவ்வொன்றிலும் சரியாக ஐந்து நிமிடம் தள்ளி மீட்டர் தண்ணீரில் இறங்கியிருக்கிறது.

"ராகு காலத்துல ஸ்டோர் பூட்டைத் தொறக்காதவன்," என்றான் மெதுவாக, "மீட்டரையும் தொட மாட்டான்."

"இப்போ மணி ஒம்பது பத்து. வாங்கோ, உங்க பூட்ஸ் கெடைக்கும்."

சென்னிமலை கதவைத் திறந்து சாம்பிராணி காட்டிக் கொண்டிருந்தார். பூட்ஸ் இரண்டு ஜோடி துடைத்து வைத்திருந்தது. பர்வதம் பூட்ஸைத் தொடவில்லை. பச்சை ரிஜிஸ்டரை மேஜைமேல் வைத்தாள்.

"பன்னெண்டு நாளும் நீங்கதானே?"

சாம்பிராணிக் கரண்டி கீழே இறங்கியது. மனிதர் மறுக்கவே இல்லை.

"அந்தப் புள்ள சொல்லிருச்சுங்களா?"

"சொல்லலை. உங்களுக்காகத் தன் வேலை போனாலும் பரவாயில்லைன்னு உக்காந்திருக்கு."

சென்னிமலை ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். "ஏனுங்க, லீவுல போறப்ப மாத்து ஆள் போடோணும்னு அது மேனேஜர்கிட்ட எழுதிக் குடுத்துட்டுத்தானுங்க போச்சு. அவரு போடலைங்க. நாலு நாள் எழுதாம உட்டா மூணு வருசப் பாடு போச்சுங்களே. சர்டிபிகேட் கெடைக்குமுங்களா?"

"ஆனா நீங்க ரெண்டு பேரும் பேசறதில்லையே," என்றான் கிச்சா.

"பேசறதில்லீங்க. அது வேறங்க."

"மீட்டர் தோய்க்க யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லீங்க. அது தப்புப் பண்றப்பப் புடிக்கோணும்னு ரெண்டு வருசமா தெனமும் பாத்துட்டே இருந்தனுங்க. எந்தக் கல்லு மேல நிக்குது, எத்தன நேரம் தோய்க்குது, எப்படிக் கழுவி வைக்குது எல்லாம் பாடமுங்க. ஒரு தப்பும் பண்ணல. எனக்கு அதுல ரொம்ப வருத்தமுங்க."

கிச்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவ கையெழுத்தை ஏன் போட்டேள்?" என்றாள் பர்வதம்.

"அந்தக் கட்டத்துல எப்பவும் அந்த எழுத்துத்தானுங்க இருக்கும். அதான் எழுதோணுமாக்கும்னு நெனச்சுட்டனுங்க. எம்பேர எழுதுனா நோட்டு செல்லாதுன்னு பயமுங்க." அவர் தலையைக் குனிந்தார். "நான் போய் மேனேஜர்கிட்ட ஒத்துக்கறனுங்க. அந்தப் புள்ளைய உட்டுறச் சொல்லுங்க."

"நாலு மணி வரை நீங்க ஒண்ணும் ஒத்துக்க வேண்டாம். அந்த வெள்ளிக்கெழமை மட்டும் சொல்லுங்கோ."

"பன்னெண்டு அஞ்சுக்குப் போனனுங்க. தண்ணி சோப்பு மாதிரி வழவழன்னு இருந்துச்சு. மூணு தடவ தோச்சுப் பாத்தேன், ஒம்பது புள்ளி ஆறு. எழுதிட்டு, லயத்துப் புள்ளைகள எறங்க வேண்டாம்னு வெரட்டி உட்டுட்டு வந்தனுங்க. மூணரைக்குப் பாத்தா மறுபடி ஏழுங்க."

வெளியே வந்ததும் பர்வதம் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஓடைக்கரைக்கு இறங்கினாள். பிறகு கேட்டாள்: "ஞானஜோதி தோச்சிருந்தா வெள்ளிக்கெழமை எத்தனை மணிக்குத் தோச்சிருப்பா?"

"பதினோரு மணிக்கு. அவளுக்கேது ராகு காலம்?"

"அதேதான்," என்றாள். அவள் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஒரு தெளிவு வந்தது. கிச்சா எவ்வளவு கேட்டும் மேற்கொண்டு சொல்லவில்லை. மத்தியானம் மரவள்ளிக் கப்பையும் மீன் குழம்பும் மணத்த கேன்டீனில் இருவரும் தயிர் சாதம் சாப்பிட்டார்கள். அவள் வாய் அதற்கு மட்டுமே திறந்தது.

நாலு மணி. மேஜையின் தலைப்பக்கத்தில் கொச்சியிலிருந்து வந்த ஆடிட்டர் பின்சி. ஒரு பக்கம் ஜின்சன், முன்னால் டைப் செய்த ஆர்டர். எதிரே ஞானஜோதி. கதவோரம் சென்னிமலை, தண்ணீர் ஜாடியோடு, யாரோ தாகம் என்று கூப்பிட்டதால் வந்தவர் போல.

"பக்கங்கள் பொய்யா, நெஜமா? அதைச் சொன்னால் போதும்," என்றார் பின்சி.

"நெஜம்னு நான் நெனைக்கறேன்," என்றாள் பர்வதம், வேண்டுமென்றே கொஞ்சம் தயங்கி. "ஆனா என்கிட்ட சாட்சி பலமா இல்லை. வெள்ளிக்கெழமை பதினோரு மணிக் கட்டத்துல ஒம்பது புள்ளி ஆறுன்னு இருக்கு. பொய் எழுதறவா அப்படி எழுத மாட்டான்னு என் ஊகம்."

ஜின்சன் சாய்ந்து உட்கார்ந்தார். "ஊகம் வச்சு நடபடி எடுக்க முடியாது மேடம். அந்த ஒரு நம்பரே போதும், எல்லாம் பொய்னு காட்ட."

"எப்படிச் சொல்றேள்? ஓடைல அன்னிக்கு சோடாத்தண்ணி வந்திருக்கலாமே?"

"வரல."

"தொட்டி அந்த வாரம் நெறஞ்சிருந்ததே, ரிஜிஸ்டர்லயே இருக்கு. யாராவது தெரியாம காலம்பற வால்வைத் தொறந்திருந்தா?"

"காலைல யாரும் தொறக்கல. எனக்கு உறுதியாத் தெரியும்."

"எட்டரைக்கு? பத்து மணிக்கு?"

"மேடம், கேளுங்க," ஜின்சனுக்குப் பொறுமை போய்விட்டது. "பதினோரு மணிக்கு அந்தத் தண்ணி சுத்தமா இருந்துச்சு. நம்பர் வந்திருக்கவே முடியாது. வால்வைத் தொறந்ததே பதினொன்னேகாலுக்கு—"

பின்சியின் தலை நிமிர்ந்தது.

"பதினொன்னேகாலுக்கு?" என்றான் கிச்சா பணிவாக. "வாக்கியம் பாதில நிக்கறதே சார்."

பர்வதம் ரிஜிஸ்டரைத் திருப்பி, வலது ஓரத்தில் விரலை வைத்தாள். பன்னிரண்டு ஐந்து.

"பதினோரு மணி ரீடிங் முடிஞ்சிருக்கும்னு நெனச்சுண்டு பதினொன்னேகாலுக்குத் தொட்டியைத் தொறந்து விட்டேள். மூணரைக்குள்ள தண்ணி தெளிஞ்சுடும், யாருக்கும் தெரியாது. கணக்கு சரிதான். ஆனா அன்னிக்குத் தோச்சவர் ராகு காலம் முடியட்டும்னு காத்திண்டிருந்தார். அப்பறம் ரிஜிஸ்டர்ல அந்த எண்ணைப் பாத்தேள், நேரத்தைப் பாக்கலை. அந்தப் பக்கம் பொய்யாகணும்னா எழுதினவளைப் பொய்க்காரி ஆக்கணும். அதுக்குத்தான் மொட்டைக் கடிதத்தை நீங்களே போட்டேள். கையெழுத்து பொய்னா ஒரு பொண்ணு வீட்டுக்குப் போவா, சர்டிபிகேட் தப்பிக்கும். தண்ணி நெஜம்னா நீங்க போகணும்."

ஜின்சன் டைப் செய்த ஆர்டரைப் பார்த்தார். அதில் பெயர் வேறு. "காரம் தணிக்கிற மருந்து ஸ்டாக் தீர்ந்து போச்சு," என்றார் கடைசியில். "காய் பறிச்சுக் குவிஞ்சு கிடந்தது. மெஷினை நிறுத்த மனசு வரல."

பின்சி பேனாவைத் திறந்தார். ஓடையில் சோடாத்தண்ணீர் விட்டது, அதை மறைத்தது: பெரிய குறை, சான்றிதழ் மூன்று மாதம் தள்ளி வைப்பு, மறு ஆடிட். மேனேஜர் பெயர் எஸ்டேட் முதலாளிகளின் நடவடிக்கைக்கு. மாற்று ஆள் போடாதது: அதுவும் மேனேஜர் கணக்கில். ஒருவர் கையெழுத்தை இன்னொருவர் போட்டது: சிறிய குறை, திருத்திக் காட்டவும். புனைந்த ஆவணம்: இல்லை. கடைசி வரியை அவர் இரண்டு தடவை அடிக்கோடிட்டார்.

ஞானஜோதி அப்போதுதான் அழுதாள். சென்னிமலை தண்ணீர் ஜாடியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, அவளைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

காரை எடுக்கும்முன் பூட்ஸைத் திருப்பிக் கொடுக்கக் கிச்சா ஸ்டோருக்குப் போனான். வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே ஞானஜோதி பச்சை ரிஜிஸ்டரை மேஜைமேல் விரித்து வைத்திருந்தாள். முதல் பக்கத்தில் 'மாற்று ஆள்' என்ற வெற்றிடத்தில் சென்னிமலையின் பெயர், சிவப்பு மையில்.

"அண்ணே," என்றாள். இரண்டு வருடத்தில் முதல் வார்த்தை. "கையெழுத்துன்னா உங்க பேர எழுதணும். எம்பேர இல்ல."

சென்னிமலை பேனாவை வாங்கினார். எழுதாமல் நின்றார். "இப்ப மணி என்னாங்க?"

"நாலே முக்கால். திங்கக்கிழமைக்கு நல்ல நேரம்தான்," என்றாள் அவள். "நான் காலண்டரப் பாத்துட்டுத்தான் வாரேன்."

அவர் தன் பெயரை முழுசாக, எழுத்துக் கூட்டி எழுதினார். கிச்சா பூட்ஸை வாசலிலேயே வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் காருக்குத் திரும்பினான்.